முதலில் எது: பழக்கத்தை விடுவதா, சிகிச்சையைத் தொடங்குவதா?

“முதலில் அந்தப் பாழும் ஊசியை விடட்டும் டாக்டர். வைத்தியத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.”

புறநோயாளிப் பிரிவில் என் எதிரே அமர்ந்திருந்த ஒரு தந்தை கூறிய சொற்கள் இவை. அருகில் தலைகுனிந்து அமர்ந்திருந்த மகனுக்கு இருபதைக் கடந்த வயது. வலிநிவாரணி மாத்திரைகளைப் பொடித்து, நீரில் கரைத்து, இரத்தக் குழாயில் ஏற்றிக்கொள்ளும் பழக்கம் நண்பர்கள் வழியாக அவரிடம் வந்து சேர்ந்திருந்தது. இரத்தப் பரிசோதனையில் ஹெப்படைடிஸ் சி வைரஸ் இருப்பது உறுதியாயிற்று. அவரை எவரும் அடையாளம் காணாதவாறு விவரங்களை இங்குச் சற்றே மாற்றியிருக்கிறேன்.

தந்தையின் கோபம் எனக்குப் புரிந்தது. ஆயினும் அவர் சொன்ன வரிசை தவறானது. அது ஏன் என்பதை இதே நிலையில் இருக்கும் பிற குடும்பங்களும் அறிந்துகொள்ள வேண்டும்.

ஒருவர் பயன்படுத்திய ஊசியை இன்னொருவர் பயன்படுத்தும்போது, கண்ணுக்குத் தெரியாத அளவு இரத்தமும் உடன் செல்கிறது. மருத்துவப் பணியாளர்களுக்குத் தற்செயலாக நேரும் ஊசிக் காயங்களிலிருந்து நாங்கள் அறிந்த கணக்கு ஒன்று உண்டு. தடுப்பூசி போடாதவருக்கு ஹெப்படைடிஸ் பி தொற்றும் வாய்ப்பு நூற்றுக்கு 30 வரை, ஹெப்படைடிஸ் சி நூற்றுக்கு 2 முதல் 3 வரை, எச்.ஐ.வி. ஆயிரத்துக்கு 3. ஒரே ஊசியை நாள்தோறும் பகிர்வோரிடம் இந்த வாய்ப்பு பன்மடங்காகப் பெருகும். ஊசி மட்டுமன்று, மருந்தைக் கரைக்கும் நீர், கரண்டி, வடிகட்டும் பஞ்சு ஆகியவற்றின் வழியாகவும் ஹெப்படைடிஸ் சி பரவும். ஆய்வகச் சோதனைகளில் சில வகைச் சிரிஞ்சுகளுக்குள் இந்த வைரஸ் 60 நாட்களுக்கு மேலும் உயிர்ப்புடன் இருந்திருக்கிறது.

தொற்றியவர்களுள் பத்தில் ஏறத்தாழ ஏழு பேருக்கு இது நாட்பட்ட நோயாக நிலைத்துவிடுகிறது. வலியில்லை, மஞ்சள் காமாலையும் பெரும்பாலும் இல்லை. இருபது ஆண்டுகளுக்குள் அவர்களுள் நூற்றுக்கு 15 முதல் 30 பேருக்குக் கல்லீரல் சுருங்கிவிடுகிறது. மதுவும் எச்.ஐ.வி.யும் சேர்ந்தால் இந்த அழிவு இன்னும் விரைவாக நிகழும்.

நான் பட்டமேற்படிப்பு பயின்ற காலத்தில் இதற்கு இன்டர்ஃபெரான் ஊசியும் ரிபாவிரின் மாத்திரையுமே சிகிச்சை. ஆறு மாதமோ ஓராண்டோ தொடர வேண்டும். காய்ச்சல், சோர்வு, மனச்சோர்வு எனப் பக்கவிளைவுகள் பல, செலவும் மிகுதி. ஆகவே போதை ஊசி போடுவோரிடம், “பழக்கத்தை விட்டுவிட்டு வாருங்கள்” என்றே கூறி அனுப்பினோம். அவ்வாறு அனுப்பப்பட்ட ஒருவர் சில ஆண்டுகள் கழித்துத் திரும்பி வந்தார். வயிறு முழுவதும் நீர் கோத்திருந்தது. அவரைக் காப்பாற்ற இயலவில்லை. அவரிடம் அன்று அச்சொற்களைக் கூறியவர்களுள் நானும் ஒருவன்.

இன்று நிலைமை மாறிவிட்டது. வைரஸை நேரடியாகத் தாக்கும் சோஃபோஸ்புவிர், டக்ளடாஸ்விர் போன்ற மாத்திரைகளைப் பெரும்பாலோர் 12 வாரங்கள் உட்கொண்டால் போதும். நூற்றுக்கு 95 பேருக்கு மேல் முற்றிலும் குணமடைகின்றனர். 2018 ஜூலை 28 அன்று தொடங்கப்பட்ட தேசிய வைரல் ஹெப்படைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தின்கீழ் அரசு மையங்களில் பரிசோதனையும் மருந்தும் இலவசம். ஊசிப் பழக்கம் இன்னும் நீங்காதவர்களும் மாத்திரைகளைத் தவறாமல் உட்கொண்டால் பெரிதும் குணமடைகின்றனர். ஒருவர் குணமடைந்தால், அவரிடமிருந்து பிறருக்குப் பரவுவதும் நிற்கிறது.

எச்.ஐ.வி.யை முற்றிலும் நீக்கும் மருந்து வழக்கத்தில் இல்லை. எனினும் ஏ.ஆர்.டி. மையங்களில் இலவசமாகக் கிடைக்கும் மாத்திரைகள் அதனை அடக்கி வைக்கின்றன. இரத்தத்தில் வைரஸ் கண்டறிய இயலாத அளவுக்குக் குறைந்து, அந்நிலையிலேயே நீடித்தால், பாலுறவின் வழியாகத் துணைவருக்கு அது பரவாது. ஹெப்படைடிஸ் பி-க்குத் தடுப்பூசி உண்டு. மூன்று தவணைகள், ஆறு மாதங்கள். எனவே மூன்று தொற்றுகளுக்கும் சேர்த்தே பரிசோதித்துக்கொள்ள வேண்டும். சி வைரஸுக்கான சிகிச்சையின்போது மறைந்திருக்கும் பி வைரஸ் தலைதூக்கக்கூடும் என்பதும் இதற்கு ஒரு காரணம்.

அப்படியானால் பழக்கத்தை விட வேண்டாமா? கட்டாயம் விட வேண்டும். ஆனால் போதை அடிமைத்தனமும் ஒரு நோயே, திட்டினால் தீராது. ஹெராயின் போன்ற ஓபியம் வகைப் பொருள்களுக்கு அடிமையானவர்களுக்கு, நாவின் அடியில் வைத்துக் கரைக்கும் புப்ரினார்பின் மாத்திரையை நாள்தோறும் வழங்கும் மாற்றுச் சிகிச்சை அரசு மையங்களில் இருக்கிறது. ஊசி இன்னும் நிற்காத காலத்தில், ஒவ்வொரு முறையும் புதிய ஊசி, புதிய நீர், எதையும் பகிராமை என்பதே உயிர்காக்கும் விதி.

வீட்டில் தனித் தட்டும் தனிக் குவளையும் தேவையில்லை. ஒன்றாக உண்பதாலும் அணைப்பதாலும் இவை பரவுவதில்லை. சவரக் கத்தி, நகவெட்டி, பல் துலக்கி ஆகியவற்றை மட்டும் பகிராதீர்கள். எச்.ஐ.வி. பரிசோதனை முடிவின் இரகசியத்தை 2017ஆம் ஆண்டின் சட்டம் பாதுகாக்கிறது; ஊரறிந்துவிடும் என்று அஞ்சிப் பரிசோதனையைத் தள்ளிப்போட வேண்டாம்.

ஒன்றை மறவாதீர்கள்: குணமான பிறகும் ஹெப்படைடிஸ் சி எதிர்ப்பொருள் சோதனை ‘பாசிட்டிவ்’ என்றே காட்டும். அதைக் கண்டு கலங்க வேண்டாம். ஆர்.என்.ஏ. சோதனையே உண்மையைச் சொல்லும். ஆனால் மீண்டும் ஊசியைப் பகிர்ந்தால் மீண்டும் தொற்றும்.

அந்தத் தந்தை அன்று நெடுநேரம் பேசாதிருந்தார். பின்னர், “மாத்திரையை நானே கையில் கொடுக்கிறேன்” என்றார். பன்னிரண்டு வாரமும் கொடுத்தார். இடையில் மகன் ஒருமுறை தடுமாறினார். அப்போதும் தந்தை அவரை மருத்துவமனைக்குத்தான் அழைத்து வந்தார். சிகிச்சை முடிந்து மேலும் 12 வாரங்கள் கழித்துச் செய்த சோதனையில் வைரஸ் இல்லை. மாற்றுச் சிகிச்சை இன்னும் தொடர்கிறது.

உங்கள் வீட்டிலும் இத்தகைய ஒருவர் இருந்தால், அவர் திருந்தும் நாளுக்காகக் காத்திராமல் இன்றே அழைத்து வாருங்கள். முதலில் பேச விரும்பினால், எச்.ஐ.வி. குறித்த ஐயங்களுக்கு 1097 என்ற கட்டணமில்லா எண் இருக்கிறது.