ஜொகூர் பாருவில் ஒரு பகல்

சிங்கப்பூரிலிருந்து ஜொகூர் பாலத்தைத் தாண்டி வருகிறவர்களில் பலர் பேரங்காடியில் பை நிறைய வாங்கிக்கொண்டு அப்படியே திரும்பிவிடுகிறார்கள். பழைய நகரமோ அங்கிருந்து நடந்துபோகும் தூரம்தான்!

காலையில் ஜாலான் தான் ஹியோக் நீ. அங்கே 1919 முதல் இயங்கிவரும் ஹியாப் ஜூ ரொட்டிக்கடையில் இன்றும் விறகடுப்புதான். சுடச்சுட வெளிவரும் வாழைப்பழ கேக்குக்கு வரிசை நிற்கும், தாமதித்தால் கிடைக்காது. பக்கத்திலேயே ஜாலான் உங்கு புவானில் ராஜமாரியம்மன் தேவஸ்தானம், பூக்கடைகள்.

ஆனால் நேரத்தை மிச்சம் பிடித்து வைக்கவேண்டியது ராஜகாளியம்மன் கண்ணாடிக் கோயிலுக்கு. 1922இல் ரயில் தண்டவாளத்தோரம் சிறு குடிசையாக இருந்த கோயில் இது. 2009 வாக்கில் சுவர், தூண், விதானம் என உட்புறமெங்கும் ஏறக்குறைய 3 லட்சம் வண்ணக் கண்ணாடித் துண்டுகளைப் பதித்தார்கள். கருவறைச் சுவரில் ருத்திராட்சங்கள். விளக்கெரியும்போது ஒரு தூணருகே நின்றால் நம் முகமே நூறு துண்டாகத் தெரியும்.

மாலையில், 1900இல் கட்டிமுடித்த சுல்தான் அபு பக்கார் பள்ளிவாசல். அதன் மினாராக்கள் விக்டோரியா காலத்து மணிக்கூண்டுகளை ஒத்திருக்கும். மேட்டில் அமைந்திருப்பதால், நீரிணைக்கு அப்பால் சிங்கப்பூரும் தெரியும்.