அரண்மனை ரகசியத்தை எழுதி வைத்த பிரபு

ராஜாவும் ராணியும் வீட்டுக்குள் எப்படிப் பேசிக்கொள்வார்கள்? சண்டை போட்டுக்கொள்வார்களா? பிள்ளைகளைத் திட்டுவார்களா?

இதைத் தெரிந்துகொள்ள ஆசைப்படாதவர் யார்!

சுவருக்கும் காது உண்டு என்பார்கள். இங்கிலாந்து அரண்மனையில் ஒரு சுவருக்குக் காதோடு பேனாவும் இருந்தது. அந்தச் சுவரின் பெயர், ஹார்வி பிரபு!

அப்போது இங்கிலாந்தை ஆண்டவர் இரண்டாம் ஜார்ஜ். 1727 முதல் 1760 வரை அவர் ஆட்சி. (1746-ல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்தார்களே, அது இவர் காலத்தில்தான்.) அவருடைய ராணி கரோலின், நன்றாகப் படித்தவர். கெட்டிக்காரி. அரசர் முன்கோபி. "நானே ஆளுகிறேன்" என்று அரசர் நினைத்துக்கொண்டு இருந்தார். உண்மையில் ராணி சொல்லுக்குத்தான் மதிப்பு.

இந்த ரகசியம் பிரதம மந்திரி வால்போலுக்குத் தெரியும். ராணியின் மனதை அறிந்து சொல்ல அவருக்கு ஓர் ஆள் தேவைப்பட்டது.

நோஞ்சான் பிள்ளை

ஜான் ஹார்வி, 1696-ம் ஆண்டு பிறந்தவர். தந்தை பிரிஸ்டல் பிரபு. சபோக் மாவட்டத்தில் உள்ள இக்வொர்த் அவர்களுடைய ஊர்.

பணத்துக்குக் குறைவு இல்லை. உடம்புதான் சரி இல்லை. ஹார்விக்கு அடிக்கடி வலிப்பு வரும். பாலும் காய்கறியுமாகச் சாப்பிட்டுக் காலம் தள்ளினார். முகம் வெளுத்து இருக்கும். அது தெரியாமல் இருக்க முகத்தில் சாயம் பூசிக்கொள்வார்.

இதை வைத்து எதிரிகள் அவரைக் கேலி செய்தார்கள். "ஆணா, பெண்ணா?" என்று கேட்டார்கள். போப் என்ற பெரிய கவிஞர், 1735-ல் ஒரு கவிதையில் அவரைக் கிழித்துத் தோரணம் கட்டினார்.

ஆனால், ஹார்வி கோழை அல்ல. வால்போலின் எதிரியான புல்டினி என்பவர், ஹார்வியைக் கேவலமாகத் தாக்கி ஒரு துண்டுப் புத்தகம் வெளியிட்டார். இருவரும் ஒரு காலத்தில் நண்பர்கள்! ஹார்வி அவரைக் கத்திச் சண்டைக்கு அழைத்தார். 1731-ம் ஆண்டு ஜனவரி 25-ந் தேதி, லண்டனில் உள்ள பூங்காவில் சண்டை நடந்தது. இருவருக்கும் சிறு காயம். கூட வந்தவர்கள் பாய்ந்து விலக்கிவிட்டார்கள்.

ராணியின் செல்லப்பிள்ளை

1725-ல் ஹார்வி பார்லிமெண்டு மெம்பர் ஆனார். 1730-ல் அவருக்கு அரண்மனையில் பதவி கிடைத்தது. "வைஸ் சேம்பர்லின்" என்று பெயர். அரண்மனையின் துணை மேற்பார்வையாளர். அதாவது, எப்போதும் அரசர் குடும்பத்தின் பக்கத்திலேயே இருக்கவேண்டும்.

ராணிக்கு அவரைப் பிடித்துப்போய்விட்டது. ராணி, ஹார்வியைவிட 13 வயது மூத்தவர். அவரைத் தம் பிள்ளைபோலவே நினைத்தார். வேட்டைக்குப் போகும் நாட்களில், ராணியின் வண்டிக்குப் பக்கத்திலேயே ஹார்வி குதிரையில் வருவார். அந்தக் குதிரையும் ராணி கொடுத்ததுதான்!

சும்மா பேசிக்கொண்டு வருவதுபோல இருக்கும். ஆனால் வால்போல் நினைப்பது ராணிக்கும், ராணி நினைப்பது வால்போலுக்கும் அந்தப் பேச்சில் போய்ச் சேர்ந்துவிடும்.

1733-ல் பிரபுக்கள் சபையில் வால்போலுக்கு நல்ல பேச்சாளர் தேவைப்பட்டார். ஹார்வியை அங்கே உட்கார வைத்தார்கள். வேடிக்கை என்னவென்றால், ஹார்வியின் தந்தை வால்போலுக்கு எதிர்க்கட்சி!

அரண்மனை வாழ்வு சுகமானது என்று நாம் நினைக்கிறோம். ஹார்விக்கு அலுத்துப்போயிற்று. ஆலையைச் சுற்றும் குதிரை கூட இப்படி ஒரே வட்டத்தில் சுற்றாது என்று ஒரு கடிதத்தில் எழுதினார். நம் ஊராக இருந்தால் செக்குமாடு என்று சொல்லியிருப்பார். காலையில் நடை. பிறகு பேட்டிகள். இரவில் சீட்டாட்டம். மறுநாளும் அதே.

அந்த அலுப்பிலும் ஒரு காரியத்தை அவர் விடாமல் செய்தார். கண்டதையும் கேட்டதையும் எழுதி வைத்தார்.

படத்துக்காகச் சண்டை

அவர் எழுதியதில் ஒரு காட்சி.

1735-ம் ஆண்டு. அரசர் தம் சொந்த நாடான ஜெர்மனியில் உள்ள ஹானோவருக்குப் போயிருந்தார். அந்த நேரத்தில் ராணி, கென்சிங்டன் அரண்மனைக் கூடத்தில் இருந்த மட்டமான படங்களை எடுத்துவிட்டு, நல்ல ஓவியங்களை மாட்டினார்.

அரசர் திரும்பி வந்தார். பார்த்தார். பிடித்தது கோபம்! "பழைய படங்களையே மாட்டு" என்று ஹார்விக்கு உத்தரவு போட்டார். முக்கியமாக, ஒரு பெருத்த பெண்ணின் படம் வந்தாகவேண்டும். அது அரசருக்கு மிகவும் பிடித்த படம்.

மறுநாள் காலையிலும் கோபம் தணியவில்லை. ராணி பானம் அருந்துவது குற்றம். ஒரு மகளுக்குச் சொன்னது காதில் விழவில்லை என்பது குற்றம். இன்னொரு மகள் பருத்துவிட்டது குற்றம். மகன் நிற்கும் விதம் குற்றம். யாரோ ஒரு ஜெர்மன் இளவரசருக்கு இன்னொருவர் என்ன உறவு என்று ஹார்விக்குத் தெரியாததும் குற்றம்!

எல்லோரையும் ஒரு சுற்றுத் திட்டிவிட்டு, ராணியை அழைத்துக்கொண்டு உலாவப் போய்விட்டார் அரசர்.

நம் அடுத்த வீட்டில் நடப்பதுபோலவே இல்லையா?

நள்ளிரவு ஓட்டம்

ஆனால் எல்லாம் சிரிப்பு அல்ல. மூத்த மகன் பிரெடரிக்கை அரசருக்கும் பிடிக்காது, ராணிக்கும் பிடிக்காது. பெற்ற தாயே மகனை வெறுத்தார்.

1737 ஜூலை 31-ந் தேதி இரவு. எல்லோரும் ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனையில் இருந்தார்கள். இளவரசரின் மனைவிக்குப் பிரசவ வலி எடுத்தது. தாய் தந்தையர் கண்முன் பிள்ளை பிறக்கக்கூடாது என்று இளவரசருக்கு வீம்பு. துடித்துக்கொண்டு இருந்த மனைவியை வண்டியில் ஏற்றி, லண்டனுக்கு ஓட்டிப்போனார். அங்கே படுக்கைக்கு விரிப்பு இல்லை. மேஜை விரிப்பைப் போட்டார்கள். பெண் குழந்தை பிறந்தது.

செய்தி கேட்ட ராணி, ஹார்வியையும் மற்றவர்களையும் அழைத்துக்கொண்டு அந்த இரவிலேயே புறப்பட்டார். விடியுமுன் போய்ச் சேர்ந்தார். குழந்தை மாறாட்டம் நடந்திருக்குமோ என்று அவருக்குச் சந்தேகம்! மெலிந்த பெண் குழந்தையைப் பார்த்த பிறகுதான் சந்தேகம் தீர்ந்தது.

செப்டம்பரில் அரசர், மகனை அரண்மனையை விட்டே வெளியேற்றினார்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லவேண்டும். இளவரசரைப் பற்றி ஹார்வி எழுதியதை எல்லாம் வேதவாக்காக எடுத்துக்கொள்ள முடியாது. இருவரும் முன்பு உயிர் நண்பர்கள். ஒரு பெண் விஷயத்தில் நட்பு முறிந்து, ஜென்மப் பகை ஆயிற்று. அந்தப் பகை, அவர் பேனாவில் மையோடு கலந்தே வந்தது.

ராணியின் மரணம்

இரண்டு மாதம் கழித்து, நவம்பர் 9-ந் தேதி ராணி நோயில் விழுந்தார். அவருக்குக் குடலிறக்கம். 1724-ல் கடைசிக் குழந்தை பிறந்ததில் இருந்தே இருந்த நோய். வெட்கப்பட்டு, வைத்தியர்களிடம் கூடச் சொல்லாமல் மறைத்தார். கடைசியில் அரசரே சொல்லவேண்டியதாயிற்று. அதற்குள் காரியம் கெட்டுவிட்டது.

"தாயைப் பார்க்கவேண்டும்" என்று இளவரசர் சொல்லி அனுப்பினார். அரசர் மறுத்துவிட்டார். ராணியும் மகனைக் கூப்பிடவில்லை.

"எனக்குப் பிறகு வேறு கல்யாணம் செய்துகொள்ளுங்கள்" என்றார் ராணி. அரசர் தேம்பித் தேம்பி அழுதார். கல்யாணம் வேண்டாம், ஆசைநாயகிகள் போதும் என்று அழுகையின் நடுவே பதில் சொன்னார்!

இதைக் கேட்டுச் சிரிப்பதா, அழுவதா? ஹார்வி இரண்டும் செய்யவில்லை. எழுதி வைத்தார்.

நவம்பர் 20-ந் தேதி ராணி இறந்தார். வயது 54. அரசரின் அன்பு பொய் அல்ல. 1760-ல் அவர் இறந்தபோது, அவர் விரும்பியபடியே இருவர் சவப்பெட்டிகளின் பக்கப் பலகைகளையும் எடுத்துவிட்டு, அருகருகே வைத்தார்கள்.

ராணியின் மரணத்தோடு ஹார்வியின் குறிப்பும் நின்றுவிடுகிறது. 1740-ல் முத்திரை மந்திரி ஆனார். 1742-ல் வால்போல் பதவி விலகினார். அதே ஆண்டு ஹார்வியின் பதவியும் போயிற்று. 1743 ஆகஸ்டில் ஹார்வி இறந்தார். வயது 46. தந்தை அப்போதும் உயிரோடு இருந்தார்.

ஹார்வி வகித்த அரண்மனைப் பதவி இன்றும் இருக்கிறது. பார்லிமெண்டு மெம்பர் ஒருவர் அதில் இருப்பார். பார்லிமெண்டில் நடப்பதை மன்னருக்கு எழுதி அனுப்புவது அவர் வேலை. ஹார்வி எழுதியதோ மன்னரைப் பற்றி!

பூட்டிய பெட்டி

எழுதிய தாள்கள் இக்வொர்த் வீட்டில் கிடந்தன. மூன்றாம் ஜார்ஜ் அரசர் இறக்கும்வரை வெளியிடக்கூடாது என்று ஹார்வியின் மகன் ஒருவர் உயில் எழுதினார். காரணம் இருந்தது. மூன்றாம் ஜார்ஜ், அந்தப் பிரெடரிக் இளவரசரின் மகன்!

1848-ல் புத்தகம் வெளிவந்தது. ஹார்வி இறந்து 105 ஆண்டு ஆகியிருந்தது. அப்போதும் "பச்சையான" பகுதிகளை நீக்கித்தான் அச்சிட்டார்கள். விண்ட்சர் அரண்மனையில் இருந்த நகலைக் கொண்டு, 1931-ல் இன்னும் நிறைவான பதிப்பு வந்தது.

அதிலும் சில தாள்கள் இல்லை. ஹார்வியின் பேரன் அவற்றைக் கிழித்துவிட்டார். 1730 முதல் 1732 வரை உள்ள தாள்கள் அவை. ஹார்வியும் இளவரசரும் நண்பர்களாக இருந்து, பகைவர்கள் ஆன காலம் அதுதான்.