சாயங்கால எரிகல்லுக்கு ஏன் அவசரமில்லை?

1992 அக்டோபர் 9, வெள்ளிக்கிழமை. அமெரிக்காவின் கிழக்கு மாநிலங்களில் வெள்ளி மாலை என்றாலே பள்ளிக் கால்பந்துதான். பிள்ளைகளின் ஆட்டத்தைப் படம்பிடிக்கப் பெற்றோர் வீடியோ கேமராவும் கையுமாக நின்றார்கள். எட்டு மணிக்குச் சற்று முன்பு, முழுநிலவை மிஞ்சும் ஒளியோடு பச்சை நெருப்புருண்டை ஒன்று வடகிழக்கே போனது. போகிறபோக்கில் உடைந்து, துண்டுகள் வரிசைகட்டிப் பின்தொடர்ந்தன. சுமார் 40 விநாடி, 700 கி.மீ.க்கு மேற்பட்ட பாதை. கேமராவை மேலே திருப்பத் தாராளமாக நேரம் இருந்தது. 16 வீடியோக்கள் தேறின.

வழக்கமான எரிகல், பக்கத்தில் நிற்பவரைக் கூப்பிடுவதற்குள் மறைந்துவிடும். இது இவ்வளவு நேரம் நீடிக்க இரண்டு காரணங்கள். ஒன்று, கிட்டத்தட்டக் கிடைமட்டமாகக் காற்றில் நுழைந்தது. இன்னொன்று, மாலை நேரம். விநாடிக்கு 30 கி.மீ. வேகத்தில் சூரியனைச் சுற்றும் பூமியின் பின்புறத்தில் அப்போது நாம் இருக்கிறோம். கல் நம்மைத் துரத்திப் பிடிக்க வேண்டும். விடியற்காலையில் நேருக்கு நேர் மோதுபவை விநாடிக்கு 72 கி.மீ. வரை பாயும். இதன் வேகம் 15 கி.மீ.க்கும் குறைவு.

முன்னால் நசுங்கும் காற்று கடுமையாகச் சூடேறி, கல்லின் மேற்பரப்பை உருக்கி ஆவியாக்குகிறது; நாம் காண்பது அந்த ஆவியின் ஒளி. அதிவேகக் கல் பெரும்பாலும் மிச்சமில்லாமல் போய்விடும். மெதுவாக வந்ததில் ஏதாவது மிஞ்சலாம். இதில் மிஞ்சிய சுமார் 12 கிலோ துண்டு, நியூயார்க் மாநிலத்தின் பீக்ஸ்கில் ஊரில் நிறுத்தியிருந்த ஷெவர்லே மாலிபு காரின் பின்பகுதியைத் துளைத்து இறங்கியது. அந்தப் பழைய கார், அடிபட்ட பிறகுதான் பெருவிலைக்குப் போனது!

வீடியோக்களை ஒப்பிட்டுக் கல்லின் சுற்றுப்பாதையையும் கணக்கிட்டார்கள். செவ்வாய்க்கு அப்பாலிருந்து வந்த கல் அது. விழுந்த கற்களில் பாதை துல்லியமாகத் தெரிந்த நான்காவது இதுதான்.

‘பக்கத்து வயலில்தான் விழுந்தது’ என்று சத்தியம் செய்பவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. பெரும்பாலும் கண்மயக்கு. ஒளி அணைவதே 20, 30 கி.மீ. உயரத்தில், அது நூறு கி.மீ. தள்ளிக்கூட இருக்கலாம். அதன்பின் கல் இருட்டிலேயே விழுகிறது. எனவே நெருப்புருண்டை ஒன்றைக் கண்டால், நின்ற இடத்திலேயே சில நிமிடம் காது கொடுங்கள். இடிமுழக்கம் தாமதமாகத்தான் வரும். எந்த மரத்துக்கோ கட்டடத்துக்கோ நேராக மறைந்தது, எத்தனை விநாடி நீடித்தது என்று குறித்து, சர்வதேச விண்கல் அமைப்பின் இணையப் படிவத்தில் பதியலாம். எந்த நாட்டிலிருந்தும் ஏற்கிறார்கள்.