இன்னும் எழுந்து முடியாத நிலம்

கடல் கரையை அரிக்கிறது என்ற செய்திக்கே பழகிவிட்ட காலம் இது. கனடாவின் ஹட்சன் விரிகுடாக் கரையில் நடப்பதோ நேர்மாறு. அங்கே நிலம் நூறு ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு மீட்டர் வீதம் கடலிலிருந்து மேலெழுந்து வருகிறது. கடைசிப் பனியூழியில் கிலோமீட்டர் கணக்கில் தடித்த பனிப்படலத்தின் பாரத்தால் இந்தத் தரை அமிழ்ந்துபோயிருந்தது. சுமார் 8,000 ஆண்டுகளுக்கு முன் அந்தப் பனி உடைந்து உருக, பள்ளமான தரைமேல் கடல் புகுந்தது. டிரெல் கடல் என்று நிலவியலாளர்கள் பெயரிட்ட அந்தப் பழங்கடல், இன்றைய கரையைத் தாண்டி நூறு கிலோமீட்டருக்கும் மேல் உள்ளே பரவியிருந்தது. பாரம் நீங்கிய தரை அன்று உயரத் தொடங்கியது. இன்னும் உயர்ந்து முடியவில்லை.

அப்படி எழுந்ததுதான் ஹட்சன் விரிகுடா தாழ்நிலம். பெரும்பகுதி ஒன்டாரியோவின் வடக்கில், மிச்சம் மானிடோபாவிலும் கியூபெக்கிலுமாக 3 லட்சம் சதுர கி.மீ.க்கு மேல் விரிந்த சதுப்பு. தமிழர் பெருந்திரளாக வாழும் டொராண்டோவும் ஒன்டாரியோவில்தான் இருக்கிறது. ஆனால் இந்தச் சதுப்பில் உள்ள ஊர்களில் பெரும்பாலானவற்றுக்கு ஆண்டு முழுவதும் செல்லும் சாலை கிடையாது. விமானத்தில் போகலாம், ஆறுகள் உறைந்த பிறகு பனிமேல் அமைக்கும் குளிர்காலப் பாதையிலும் போகலாம்.

இவ்வளவு நீர் ஏன் வடியாமல் நிற்கிறது? தரையின் சரிவு கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர்கூட இல்லை. அடியில் பழங்கடல் விட்டுச்சென்ற களிமண், தண்ணீரைக் கீழே இறங்கவிடுவதில்லை. கடும் குளிரில் நீர் ஆவியாவதும் குறைவு. ஹட்சன் விரிகுடாவின் தெற்குக் கிளையான ஜேம்ஸ் விரிகுடாவின் தென்முனை லண்டன் இருக்கும் அட்சரேகைக்கு அருகில்தான் இருக்கிறது. ஆனாலும் ஹட்சன் விரிகுடாவின் கடற்பனி ஜூலை வரைகூட மிதந்துகொண்டிருப்பதால், கரையோர மண்ணின் கீழ்ப்பகுதி கோடையிலும் உறைந்தே கிடக்கிறது.

இந்தச் சதுப்பைக் கட்டியெழுப்பியது ஸ்பாக்னம் என்ற பாசி. அது தன்னைச் சுற்றியுள்ள நீரைப் புளிக்க வைக்கிறது. நீரில் ஆக்சிஜனும் அரிது. அந்த நிலையில் செத்த தாவரம், புளிப்பில் ஊறிய ஊறுகாய் போல, மக்காமல் தங்கிவிடுகிறது. ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகப் படிந்து படிந்து, இன்று பல இடங்களில் இரண்டு மூன்று மீட்டர் ஆழத்துக்குக் கரிமண் சேர்ந்திருக்கிறது. அதில் சுமார் 3,000 கோடி டன் கார்பன் இருப்பதாக மதிப்பிடுகிறார்கள். சதுப்பு மீத்தேனையும் வெளியிடுகிறது என்பது உண்மை. ஆனால் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக அது காற்றிலிருந்து எடுத்துப் பூட்டி வைத்த கார்பனோடு சேர்த்துப் பார்த்தால், பூமியைக் குளிர்விக்கும் பக்கமே கனக்கிறது. இதைப் பயனற்ற சேறு என்று சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

உலகிலேயே மிகத் தெற்கே வாழும் துருவக்கரடிகளுக்கும் இந்தக் கரிமண்தான் வீடு. கடற்பனி உருகியதும் சீல் வேட்டைக்கு வழியின்றி அவை கரையேறுகின்றன. கருவுற்ற பெண் கரடி உள்நாட்டுக்கு நடந்து, உறைந்த கரிமண் கரைகளில் குடைந்த பொந்தில் தங்கிக் குட்டி ஈனுகிறது. ஏறத்தாழ எட்டு மாதம் அதற்கு இரையே இல்லை. உறைந்த மண் இளகினாலோ, மேலிருக்கும் ஸ்புரூஸ் மரங்கள் காட்டுத்தீயில் எரிந்தாலோ, தலைமுறைகளாகப் பயன்பட்ட பொந்துகள் இடிந்துவிடுகின்றன. மானிடோபாவின் வாபஸ்க் தேசியப் பூங்கா 1996-ல் அமைக்கப்பட்டதற்கு இந்தப் பொந்துகள் முக்கியக் காரணம்.

இங்கே நெடுங்காலமாக வாழ்பவர்கள் முஷ்கெகோவக் எனப்படும் க்ரீ மக்கள். ஆறுகளே அவர்களது பாதை, ஆறுகளே ஆபத்தும். செவர்ன், வினிஸ்க், அட்டவாபிஸ்கட், ஆல்பனி ஆகியவை எல்லாம் விரிகுடாவை நோக்கியே ஓடுகின்றன. வசந்தத்தில் மேற்பகுதியில் முதலில் பனி உருகி வெள்ளம் புறப்படும்போது, முகத்துவாரம் உறைந்தே இருக்கும். பனிப்பாளங்கள் அணைபோல் அடைத்துக்கொள்ள, நீர் ஊருக்குள் ஏறிவிடும். 1986 மே மாதம் வினிஸ்க் என்ற ஊர் இப்படித்தான் அழிந்தது. இருவர் இறந்தனர். மற்றவர்கள் ஆற்றின் மேல்பக்கம் பீவானக் என்ற புதிய ஊரை அமைத்துக் குடியேறினார்கள்.

இப்போது சதுப்பின் தென்மேற்கு ஓரத்தில் புதிய நெருக்கடி. ‘ரிங் ஆஃப் ஃபயர்’ எனப்படும் பகுதியில் குரோமைட்டும் நிக்கலும் இருப்பது 2007 வாக்கில் தெரியவந்தது. மின்வாகன பேட்டரிக்கு நிக்கல் வேண்டும் என்பதால், சுற்றுச்சூழலின் பெயராலேயே இந்தச் சுரங்கத்துக்கு ஆதரவு கேட்கப்படுகிறது. சுரங்கத்தைவிட அதற்கான சாலைதான் எனக்கு அதிகக் கவலை தருகிறது. இந்தச் சதுப்பில் நீர் கண்ணுக்குத் தெரியாத மெதுவான வேகத்தில், அகலமாகப் பரவி நகர்கிறது. குறுக்கே மண்மேடு போட்டால் மேல்பக்கம் மரங்கள் மூழ்கிச் சாகும். கீழ்ப்பக்கம் கரிமண் காய்ந்து கார்பனை விடும், தீயும் பற்றும்.

பழங்குடி ஊர்களும் ஒரே குரலில் பேசவில்லை. வெபெக்வியும் மார்ட்டன் ஃபால்ஸும் சாலைத் திட்டங்களை முன்னெடுக்கின்றன. சாலை வந்தால் பொருள்களின் விலை குறையும் என்ற அவர்கள் கணக்கில் நியாயம் இருக்கிறது. நெஸ்கன்டாகா எதிர்க்கிறது. குடிநீரைக் காய்ச்சித்தான் குடிக்க வேண்டும் என்று அந்த ஊருக்கு 1995-ல் விடுத்த எச்சரிக்கை கால் நூற்றாண்டு கடந்தும் நீங்கவில்லை. முஷ்கெகோவக் ஊர்களின் கவுன்சில், ஜேம்ஸ் விரிகுடாவின் மேற்குக் கரையோரக் கடலைத் தேசியக் கடல் பாதுகாப்புப் பகுதியாக்க 2021 முதல் மத்திய அரசோடு சேர்ந்து உழைக்கிறது. ஆனால் அட்டவாபிஸ்கட் ஆறு சுரங்கப் பகுதியைக் கடந்துதான் அந்தக் கடலைச் சேர்கிறது.