டிரீம்டா, டிரெம்ட்டா? இரண்டும் சரியென்றால் எதை எழுதுவது?

பிள்ளை ஆங்கிலக் கட்டுரையில் 'டிரெம்ட்' என்று எழுதியிருக்கும். டியூஷன் ஆசிரியர் அதை அடித்துவிட்டு 'டிரீம்டு' என்று திருத்தியிருப்பார். அகராதியைப் புரட்டினால் இரண்டுமே இருக்கும். பெற்றோருக்குக் குழப்பம், பிள்ளைக்கோ தனக்கு ஆங்கிலம் வராது என்ற எண்ணம். வீட்டில் ஆங்கிலம் புழங்காத தோட்டப்புறப் பிள்ளைகளை இந்தச் சிவப்புக் கோடு கூடுதலாகவே பயமுறுத்துகிறது. சரியாக எழுதியதற்கே கோடு விழுந்தால் அடுத்த முறை பிள்ளை துணிந்து எழுதுமா?

பழைய ஆங்கிலத்தில் பல வினைச்சொற்கள் உள்ளே இருக்கும் உயிரொலியை மாற்றி இறந்தகாலம் காட்டின. 'சிங்' என்பது 'சேங்' ஆவது அப்படித்தான். மற்றவை கடைசியில் 'டு' ஒலியைச் சேர்த்துக்கொண்டன. நாளடைவில் முதல் கூட்டத்திலிருந்து பல சொற்கள் இரண்டாம் கூட்டத்துக்கு மாறின. 'ஹெல்ப்' என்ற சொல்லுக்கு ஒரு காலத்தில் 'ஹோல்ப்' என்பதே இறந்தகாலம். 1611இல் வெளிவந்த கிங் ஜேம்ஸ் பைபிளில் 'ஹோல்பன்' என்ற வடிவம் இருக்கிறது. ஹார்வர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2007இல் வெளியிட்ட ஆய்வில், பழைய ஆங்கிலத்தின் 177 ஒழுங்கற்ற வினைகளை எடுத்துப் பார்த்தார்கள். அவற்றில் இன்றும் அப்படியே இருப்பவை 98 மட்டுமே. அன்றாடம் வாயில் வரும் 'கோ', 'கம்' போன்றவை மாறவில்லை. எப்போதாவது வருபவைதாம் சீக்கிரம் மாறின.

தமிழுக்கும் இது புதிதல்ல. இறந்தகாலம் காட்ட த், ட், ற், இன் என நான்கு இடைநிலைகளை நன்னூல் சொல்கிறது. 'போயினான்', 'போனான்' இரண்டும் நம்மிடம் உண்டு. முதலாவதைத் தவறு என்று யாரும் அடிப்பதில்லை.

சரி, தேர்வுக்கு எதை எழுதுவது? 'டிரீம்டு–டிரெம்ட்', 'லீப்டு–லெப்ட்' போன்ற இணைகளில் பொருள் வேறுபாடு இல்லை. அமெரிக்கர்கள் பெரும்பாலும் முதல் வடிவத்தையே எழுதுவார்கள். பிரிட்டனில் இரண்டும் புழங்குகின்றன. நம் பள்ளிகளில் பிரிட்டிஷ் ஆங்கிலமே மாதிரி என்பதால் இரண்டில் எதையும் எழுதலாம். ஆனால் ஒரே கட்டுரையில் முதல் பத்தியில் ஒன்று, கடைசிப் பத்தியில் இன்னொன்று என்று கலக்கக்கூடாது. திருத்துபவர் கண்ணுக்கு அது கவனக்குறைவாகத் தெரியும்.

அமெரிக்க வாடை அடிக்கும் சில வடிவங்களும் உண்டு. 'டைவ்' என்பதற்கு 'டோவ்', 'ஸ்னீக்' என்பதற்கு 'ஸ்னக்' என்று படங்களில் கேட்டிருப்போம். தேர்வுத் தாளில் 'டைவ்டு', 'ஸ்னீக்டு' என்று எழுதுவதே பாதுகாப்பு. 'காட்டன்' கதை வேடிக்கையானது. 'கெட்' என்ற சொல்லின் அந்த வடிவத்தை அமெரிக்கக் கண்டுபிடிப்பு என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது பழைய ஆங்கிலேயர் கப்பலேற்றிக் கொண்டுபோன சொத்து. பின்னாளில் பிரிட்டனில்தான் அதைக் கைவிட்டார்கள். நம் மாணவர்களுக்கு 'காட்' போதும்.

பொருளே மாறும் இடத்தில்தான் கவனம் தேவை. கொடியில் துணியைத் தொங்கவிட்டால் 'ஹங்'. ஒருவருக்குத் தூக்குத் தண்டனை நிறைவேற்றினால் 'ஹேங்டு'. நீதிமன்றச் செய்தியைச் சுருக்கி எழுதும்போது மாணவர்கள் அடிக்கடி தடுமாறுவது இங்கேதான்.

'லேர்ன்' என்பதன் இறந்தகாலத்தில் இன்னொரு நுட்பம். 'ஈ-டி' சேர்த்து எழுதும் வடிவத்தை 'லேர்னெட்' என்று இரண்டு அசையாக உச்சரித்தால், கற்றறிந்தவர் என்று பொருள். நீதிமன்றத்தில் வழக்கறிஞர் எதிர்த்தரப்பு வழக்கறிஞரை 'மை லேர்னெட் ஃபிரெண்ட்' என்று குறிப்பிடுவது இதைத்தான்.

இரட்டை வடிவம் எல்லாச் சொல்லுக்கும் கிடையாது. 'கட்', 'புட்' இரண்டும் இறந்தகாலத்திலும் அப்படியேதான் இருக்கும். 'கட்டட்', 'புட்டட்' என்று பிள்ளை எழுதினால், அங்கே மட்டும் சிவப்புக் கோடு போடலாம்.