உங்களுக்குத் தெரியுமா? எல்லை தாண்டும் குட்டி யானைகள்

ஓசூர்ப் பக்கத்துத் தக்காளி பெங்களூருக்குப் போகிறது. பொள்ளாச்சி இளநீர் பாலக்காட்டுக்குப் போகிறது. இந்தச் சரக்கைச் சுமப்பவற்றில் சின்ன வண்டிகளும் உண்டு. பல வண்டிகளில் ஓட்டுநரே உரிமையாளர், அவரே கடன்காரர். மாநில எல்லையில் ஒருவர் கைகாட்டி நிறுத்தினால் "என்ன கேட்பாரோ" என்று பயப்படத் தேவையில்லை. விதி தெரிந்தால் போதும்.

● எல்லாவற்றையும் தீர்மானிப்பது ஓர் எண்
ஆர்.சி.யில் (பதிவுச் சான்றில்) 'ஜி.வி.டபிள்யூ.' என்று ஓர் எண் இருக்கும். வண்டியின் எடையும் சரக்கின் எடையும் சேர்த்து அனுமதிக்கப்பட்ட மொத்த எடை அது. பர்மிட் வேண்டுமா, எந்த லைசென்ஸ் போதும், எவ்வளவு ஏற்றலாம் என்ற மூன்று கேள்விக்கும் பதில் அந்த ஓர் எண்ணில்தான் இருக்கிறது.

● 3,000 கிலோ வரை பர்மிட் வேண்டாம்
1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 66-ஆவது பிரிவு, வணிக வண்டிகளுக்குப் பர்மிட் கட்டாயம் என்கிறது. அதே பிரிவின் 3-ஆம் உட்பிரிவு, மொத்த எடை 3,000 கிலோவுக்கு மிகாத சரக்கு வண்டிகளுக்கு விலக்குத் தருகிறது. இது மத்தியச் சட்டம். சொந்த ஊரில் ஓடினாலும் பக்கத்து மாநிலத்தில் ஓடினாலும் விலக்கு ஒன்றுதான். 2005-இல் வந்த முதல் டாட்டா ஏஸின் மொத்த எடை 1,550 கிலோ. நம் ஊரில் அதற்குக் 'குட்டி யானை' என்றே பெயர் நிலைத்துவிட்டது. பிக்கப் வண்டிகள் சில 3,000-க்குச் சற்றே கீழே நிற்பதற்கும் இந்த விலக்கு ஒரு காரணம்.

● மொத்த எடை வேறு, லோடு வேறு
ஒரு வண்டியின் மொத்த எடை 2,990 கிலோ, வெற்று எடை 1,600 கிலோ என்று வைத்துக்கொள்வோம். சட்டப்படி ஏற்றக்கூடிய சரக்கு 1,390 கிலோதான். "மூணு டன் வண்டி, மூணு டன் ஏத்தலாம்" என்று நினைத்துத்தான் பலர் அபராதத்தில் மாட்டுகிறார்கள்.

● பர்மிட் விலக்கு, வரி விலக்கு அல்ல
பர்மிட் மத்தியச் சட்டத்தின் கீழ் வருகிறது. வாகன வரியோ அரசியலமைப்பின் மாநிலப் பட்டியலில் 57-ஆவது இனம். வரி விதிக்கும் உரிமை அந்தந்த மாநிலத்துக்கு உண்டு. ஆகவே 3,000 கிலோவுக்குக் கீழான வண்டியாக இருந்தாலும், போகும் மாநிலத்தில் வரி உண்டா என்று முன்கூட்டியே பார்த்து, இருந்தால் பரிவாஹன் இணையதளத்தில் கட்டி, ரசீதைக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும். இன்சூரன்ஸ், எஃப்.சி. (தகுதிச் சான்று), புகைச் சான்று ஆகியவற்றுக்கும் விலக்கு இல்லை.

● ஒரு பதிவு, நாடு முழுவதும் செல்லும்
ஒரு மாநிலத்தில் பதிவான வண்டி இந்தியா முழுக்கப் பதிவானதாகவே கருதப்படும் (பிரிவு 46). ஆனால் 12 மாதங்களுக்கு மேல் வேறு மாநிலத்திலேயே வைத்திருந்தால், அங்கே புதிய பதிவு எண் வாங்க வேண்டும் (பிரிவு 47). அதற்குப் பழைய ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் தடையில்லாச் சான்று பெறுவது முதல் படி.

● 'பி.எச்.' எண் வணிக வண்டிக்குக் கிடையாது
மாநிலம் மாறினாலும் எண் மாறத் தேவையில்லாத 'பி.எச்.' வரிசை 2021-இல் வந்தது. அது சொந்த உபயோக வண்டிகளுக்கு மட்டும். மஞ்சள் பலகை வண்டிக்கு வாங்கித் தருகிறேன் என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

● 3,000 கிலோவைத் தாண்டினால் மூன்று வழிகள்
ஒரு மாநிலத்தின் பர்மிட் அடுத்த மாநிலத்தில் தானாகச் செல்லாது. அடிக்கடி போகிறவர் தன் பர்மிட்டில் அந்த மாநிலத்தின் மேலொப்பம் (கவுண்டர் சிக்னேச்சர்) வாங்கலாம். எப்போதாவது போகிறவருக்குத் தற்காலிக பர்மிட் போதும். அதன் உச்சவரம்பு நான்கு மாதங்கள். பல மாநிலங்களுக்கு ஓடுகிறவருக்கு ஏற்றது நேஷனல் பர்மிட், சுருக்கமாக 'என்.பி.'

● நாடு முழுவதற்கும் 16,500 ரூபாய்
முன்பு என்.பி. எடுத்தால், எந்தெந்த மாநிலம் என்று தேர்ந்தெடுத்து ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே கட்ட வேண்டும். 2010 மே மாதம் புதிய முறை வந்தது. ஆண்டுக்கு 15,000 ரூபாய் கட்டினால் நாடு முழுக்க ஓடலாம் என்றானது. 2012-இல் அது 16,500 ஆனது. அதோடு ஆண்டுதோறும் புதுப்பிக்கும் அங்கீகாரச் சான்றுக்கு 1,000 ரூபாய். பர்மிட்டின் காலம் ஐந்து ஆண்டு. அங்கீகாரத்தின் காலம் ஓர் ஆண்டு. இந்த இரண்டு தேதிகளையும் குழப்பிக்கொள்வதால்தான் பல வண்டிகள் எல்லையில் நிற்கின்றன.

● என்.பி. இருந்தும் செய்யக்கூடாதது
மதுரையில் ஏற்றிப் பெங்களூரில் இறக்கலாம். பெங்களூரில் ஏற்றி மதுரைக்குத் திரும்பலாம். ஆனால் பெங்களூரில் ஏற்றி மைசூரில் இறக்கக்கூடாது. சொந்த மாநிலம் தவிர வேறெந்த மாநிலத்துக்குள்ளும் இரண்டு ஊர்களுக்கிடையே லோடு அடிப்பது விதிமீறல். திரும்பும்போது வண்டி காலியாக வருகிறதே என்று இடைலோடு பிடிப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். வண்டியின் வயதும் முக்கியம்: 12 ஆண்டுகளைத் தாண்டிய இரண்டு அச்சு லாரிக்கு என்.பி. கிடைக்காது.

● எஃப்.சி. கணக்கு
புதிய வணிக வண்டிக்கு முதல் எஃப்.சி. இரண்டு ஆண்டு செல்லும். எட்டு ஆண்டு வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கலாம். அதற்குப் பின் ஆண்டுதோறும். எஃப்.சி. முடிந்த வண்டியின் பதிவே செல்லாததாகக் கருதப்படும் என்பதால், இதில் ஒருநாள்கூடத் தவறக்கூடாது.

● மின்சார வண்டிக்குப் பர்மிட்டே இல்லை
பேட்டரியில் ஓடும் வணிக வண்டிகளுக்கும், எத்தனால், மெத்தனாலில் ஓடுபவற்றுக்கும் 2018 அக்டோபரில் மத்திய அரசு பர்மிட் விலக்கு அளித்தது. இங்கே 3,000 கிலோ என்ற வரம்பும் இல்லை. பச்சைப் பலகையில் மஞ்சள் எழுத்து இருந்தால் அது மின்சார வணிக வண்டி.

● கார் லைசென்ஸில் மினி லாரி ஓட்டலாம்
இலகுரக வாகன லைசென்ஸ் வைத்திருப்பவர், மொத்த எடை 7,500 கிலோ வரையுள்ள வணிக வண்டியைத் தனி அனுமதி இல்லாமல் ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு 2024 நவம்பர் 6 அன்று தீர்ப்பளித்தது. ஓட்டுநரிடம் தனி லைசென்ஸ் இல்லை என்று காட்டி இன்சூரன்ஸ் நிறுவனங்கள் விபத்து இழப்பீட்டை மறுத்துவந்த வழக்குகளுக்கு இது முடிவு கட்டியது.

● அபராதம் லேசானதல்ல
கூடுதல் பாரத்துக்கு 20,000 ரூபாய். அதற்கு மேல் ஒவ்வொரு கூடுதல் டன்னுக்கும் 2,000 ரூபாய். கூடுதல் சரக்கை இறக்கும் செலவும் உங்களுடையதே. சரக்கு வண்டியின் பக்கவாட்டிலோ பின்னாலோ நீட்டிக்கொண்டிருந்தாலும் 20,000. பர்மிட் இல்லாமல் ஓட்டினால் 10,000 ரூபாய் அபராதமும், ஆறு மாதம் வரை சிறையும் உண்டு. 2019 செப்டம்பர் 1 முதல் நடப்பில் உள்ள தொகைகள் இவை.

● உயிர் காக்கும் ஓட்டத்துக்கு விலக்கு
அவசர நேரத்தில் நோயாளியையோ காயம்பட்டவரையோ ஏற்றிச் சென்றாலும், துயர் துடைக்க உணவோ மருந்தோ கொண்டுபோனாலும், பர்மிட் இல்லை என்ற தண்டனை பாயாது. ஏழு நாளுக்குள் வட்டாரப் போக்குவரத்து ஆணையத்துக்குத் தகவல் தர வேண்டும், அவ்வளவே. வெள்ளக் காலத்தில் நிவாரணப் பொருள் ஏற்றிச் செல்லத் தயங்குகிறவர்கள் இதை மனத்தில் வைத்துக்கொள்ளலாம்.

● பர்மிட் இல்லாத நாளில் விபத்து நடந்தால்
பர்மிட் தேவைப்படும் வண்டியைப் பர்மிட் இல்லாமல் ஓட்டுவது அடிப்படை விதிமீறல் என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் கூறியது. அடிபட்டவருக்கு இன்சூரன்ஸ் நிறுவனம் முதலில் இழப்பீடு கொடுத்தாலும், அந்தப் பணத்தை உரிமையாளரிடம் திரும்ப வசூலிக்கலாம். ஒரு நாள் அலட்சியம் வீட்டையே விற்க வைத்துவிடும்.

● சரக்கோடு யார் வரலாம்?
சரக்கின் உரிமையாளரோ அவருடைய பிரதிநிதியோ உடன் வந்தால் மோட்டார் வாகனச் சட்டத்தின் இன்சூரன்ஸ் விதி அவரைப் பாதுகாக்கிறது. காசு வாங்கிக்கொண்டு லோடின் மேல் ஏற்றும் ஆட்களுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை.

● இ-வே பில்
2018 ஏப்ரல் 1 முதல், 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட சரக்கு மாநிலம் தாண்டும்போது இ-வே பில் (ஜி.எஸ்.டி.யின் மின்னணுச் சரக்குச் சீட்டு) வேண்டும். வண்டி சிறியது என்பதால் விலக்கு இல்லை. 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்று அதன் காலம் கணக்கிடப்படுகிறது. வழியில் வண்டி பழுதாகி வேறு வண்டிக்கு மாற்றினால், பில்லில் வண்டி எண்ணையும் மாற்ற வேண்டும். ஜி.எஸ்.டி. இல்லாத பச்சைக் காய்கறி, பழங்களுக்கு இ-வே பில் தேவையில்லை.

● போனில் இருந்தாலும் செல்லும்
டிஜிலாக்கர், எம்-பரிவாஹன் செயலிகளில் உள்ள ஆர்.சி., லைசென்ஸ், இன்சூரன்ஸ் ஆகியவை அசலுக்குச் சமம். அசல் எங்கே என்று கேட்டு யாரும் வண்டியை நிறுத்த முடியாது.

வண்டி ஓட்டும் சகோதரர்களே, இன்று ஒரு வேலை செய்யுங்கள். ஆர்.சி.யை எடுத்து மொத்த எடையைப் பாருங்கள். எஃப்.சி., இன்சூரன்ஸ், பர்மிட், வரி, புகைச் சான்று ஆகிய ஐந்தும் முடியும் தேதிகளை ஒரு தாளில் எழுதி, ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் ஒட்டிவையுங்கள். ஐந்தும் நடப்பில் இருந்தால், எந்த எல்லையிலும் நீங்கள் யாருக்கும் தலைகுனிய வேண்டியதில்லை.