வானொலிப் பேச்சும் கேட்போர் நம்பிக்கையும்

அமெரிக்க வானொலியில் அரசியல் பேசிவந்த ரஷ் லிம்பா (2021இல் காலமானார்), கொரோனா நோய் வெறும் ஜலதோஷமே என்று 2020 பிப்ரவரியில் கூறினார். இத்தகைய பேச்சை நம்புவோரை அறிவிலிகள் எனல் எளிது. அது விளக்கமாகாது என்பதே நம் கருத்து.

1988 முதல் நாடெங்கும், வேலை நாள்தோறும் மூன்று மணி நேரம், வண்டியோட்டுவோர்க்கும் தனித்து உழைப்போர்க்கும் அக்குரல் துணையாயிருந்தது. முப்பதாண்டுத் தோழனிடம் நாம் சான்று கேட்பதுண்டோ? பெருநகரப் பத்திரிகைகள் தங்களை ஏளனமாய் எண்ணுகின்றன என்னும் அவர்களது மனக்குறையில் ஓரளவு உண்மையும் இருந்தது. அவ்வுண்மையைச் சொன்ன வாயே பொய்யையும் சொல்லிற்று. தொலைபேசியில் பேசிய நேயர்கள் முன்னரே தெரிந்தெடுக்கப்பட்டவர்கள். எனினும் கேட்போர்க்கு அது நாட்டின் குரலாகவே தோன்றியது. மாற்றுக் கருத்துக்கும் இடமளிக்கவேண்டும் என்ற ஒலிபரப்பு விதியோ 1987இலேயே நீக்கப்பட்டிருந்தது.

பத்திரிகைகள் மறுப்பு வெளியிட்டனவே எனலாம். தங்களை இகழ்வோர் என அவர்கள் கருதியோரிடமிருந்தல்லவா அது வந்தது!